சீமையிலே சீமெண்ணெய்

மனைவி போனதிலிருந்து ஆவுடையப்பனுக்கு நெஞ்சுப் படபடப்பு. டாக்டர்களால் ஆகவில்லை. தாமிரபரணிக் கரையில் நடையம்மாவின் மடத்தில் கண்மூடி உட்காரப் பழகிய பிறகுதான் அந்தப் பீடை அடங்கியது. இப்போது மகன் பிரான்சுக்கே கூப்பிட்டுக்கொண்டான். இனிமேல் இங்கேதான் இருப்பு.

அன்பர்கள் அழைத்து இங்கே மலை நடக்க வந்திருந்த நடையம்மாவோ நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறாள். வயதில் அவருக்கு மகள் மாதிரி. இருந்தாலும் குரு குருதானே.

இருவரும் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். கஞ்சிக்கு அரிசி இருந்தது, பம்ப் ஸ்டவ் இருந்தது, எண்ணெய்தான் இல்லை. ஆவுடையப்பன் ஊரிலிருந்து துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்த பாட்டிலை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள். மனுஷன் அதற்கே பாதி அழுதுவிட்டார்.

"அம்மா, நீங்களும் போயிட்டா, மடமும் இல்லாம, ஆத்தங்கரையும் இல்லாம எனக்கு எப்படிம்மா மனசு நிக்கும்? பயமா இருக்கு. நெஞ்சு மறுபடியும் படபடங்குது."

"எனக்குப் பசிக்குது ஐயா. கடைக்குப் போய் எண்ணெய் வாங்கிட்டு வாங்க."

போனவர் வெறுங்கையோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"கிரசின்னு கேட்டேம்மா. கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. கையை விமானமாட்டம் பறக்கவிட்டுக் காட்டினா. இங்க அந்தப் பேருல்லாம் ஏரோப்ளேனுக்கு ஊத்துறதுக்குத்தானாம்."

"அப்புறம்?"

"வேற பாட்டில் ஒண்ணை நீட்டினா. பேரைக் கேட்டதும் குலை நடுங்கிப்போச்சு. பெத்ரோலாம்! நம்ம ஸ்டவ்ல பெட்ரோலை ஊத்தினா ரெண்டு பேரும் சாம்பல்தான்."

"அவ அதை எதுல எரிக்கிறா?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். "கல்லாப் பக்கத்துல ஒரு திரி விளக்கு. அதைக் காட்டிக் காட்டித்தான் என்னமோ சொன்னா."

"விளக்கு வெடிச்சுதா?"

"இல்லம்மா. அது பாட்டுக்கு எரிஞ்சுது."

"பேருக்குப் பயந்து ஓடி வந்துட்டீங்க. வாங்க, போவோம்."

கடைக்காரம்மா அவரைப் பார்த்ததும் மறுபடியும் கையைப் பறக்கவிட்டாள். பொல்லாத கிழவி! நடையம்மா பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து அவர் மூக்கருகே நீட்டினாள்.

"அட! நம்ம சீமெண்ணெய்!" என்று கத்திவிட்டார்.

"சீமெண்ணெய்னா என்ன ஐயா?"

"சீமையிலேருந்து வர்ற எண்ணெ..."

வாய் பாதியில் நின்றது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கடைக்காரம்மாவும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

அடுப்பு உடனே வழிக்கு வரவில்லை. மஞ்சளாய் எரிந்து புகைந்து, பானையைக் கரியாக்கி, திக்கித் திக்கி அணையப் பார்த்தது. நடையம்மா ஊசியை எடுத்து பர்னர் துளையில் ஒரு குத்துக் குத்தினாள். இரண்டு பம்ப் அடித்தாள். உஸ்ஸென்று நீலமாய்ப் பிடித்துக்கொண்டது.

அப்பாடா!

சூடாகக் கஞ்சி உள்ளே இறங்கியது. கடித்துக்கொள்ள ஊறுகாய்கூட இல்லை, ஆனாலும் தேவாமிர்தம். மலைக்காற்று ஊசியாய்க் குத்தியது. பாத்திரத்தை வழித்துக் குடித்த பிறகுதான் ஆவுடையப்பன் கவனித்தார், கடையிலிருந்து திரும்பியதிலிருந்து நெஞ்சு படபடக்கவே இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் விடுவாரா?

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலையே."

நடையம்மா ஸ்டவ்வைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். ஊசியை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அடுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா. எந்த ஊரு எண்ணெயும் எரியும், எந்த ஊரு எண்ணெயும் கரி பிடிக்கும். ஊசியை மட்டும் தொலைச்சுடாதீங்க."