ஆள் பார்த்து வழுக்கும் தரை

சந்தேகத்தின் பேரில் பிடித்து வந்த எடிசன் என்ற பையன் ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று சொல்லி, இரண்டு கைக்கும் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். விசாரிக்க வருவாய்க் கோட்டாட்சியர் ஆர்.டி.ஓ. வந்தார். அவர் விசாரணையைத் தொடங்குவதற்குள் இன்ஸ்பெக்டர் வீரபத்திரன், ஸ்டேஷனைக் கூட்டிக் கழுவும் செங்கமலத்தைத் தனியே கூப்பிட்டார்.

"சோப்புத் தண்ணிய அப்படியே விட்டுட்டேன், தப்பு என்னுதுன்னு சொல்லிடு. எங்க கையக் கட்டிப் போட்டா ஊரு நிம்மதியா தூங்க முடியாது. மாட்டேன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

புருஷன் இல்லாத வீட்டுக்கு அந்த வேலைதான் சோறு. செங்கமலம் தலையாட்டிவிட்டுப் போய் ஆர்.டி.ஓ. முன்னால் நின்றாள்.

"தப்பு என்னுதுதாங்கய்யா. நான் கழுவுற தரை வழுக்குது."

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு எனக்கே பிடிபடலைங்க. அதே தரையில ஏட்டய்யா குளிக்கிறாரு, இன்ஸ்பெக்டரய்யா குளிக்கிறாரு, ஒருத்தரும் விழுந்ததில்ல. விழுந்ததெல்லாம் பிடிச்சிட்டு வந்த பிள்ளைங்கதான். ஆளு பாத்து வழுக்குற மாதிரி கழுவ நான் எப்பக் கத்துக்கிட்டேன்னுதான் தெரியல."

வாசலில் நின்ற எடிசனின் அம்மாகூட அழுகையை நிறுத்திவிட்டாள். இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். ஆர்.டி.ஓ.வின் பேனா அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம்தான். பிறகு பேனா மறுபடி ஓடியது. தரை சரியில்லை, மாற்ற வேண்டும் என்று எழுதிவிட்டுக் கிளம்பினார். சொரசொரப்பான புதுக் கல் பதித்தார்கள்.

அடுத்த மாதம் இன்னொரு பையனுக்கு மாவுக்கட்டு. ஸ்டேஷன் மாடியிலிருந்து விழுந்துவிட்டானாம்.

அந்த ஸ்டேஷனுக்கு மாடியே கிடையாது. அதைச் சொல்ல இந்த முறை செங்கமலமும் இல்லை. புதுக் கல் பதித்த அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.