மொட்டை மாடியில் ஒரு பங்கு

புரசைவாக்கத்தில் ரவிக்கை தைக்கும் தனக்கோடி, மிஷின் சத்தத்துக்காகவே ஐந்து வாடகை வீடு மாறியவள். எப்படியாவது சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று ஒரு பழைய ஃபிளாட்டைப் பார்க்கப் போனாள். அதை விற்பவர் வேதாசலம். அந்தக் கட்டடத்துச் சங்கத் தலைவரும் அவர்தான்.

"ஐந்நூறு சதுர அடி. விலையில ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன்" என்றார். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தனக்கோடி கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அறை அறையாக அளந்தாள்.

"நானூறுதான் சார் வருது. என் கையில இருக்கிற பணமும் அதுக்குத்தான் சரியா இருக்கும்."

"மிச்சம் படிக்கட்டு, மொட்டை மாடியில உன் பங்கு. உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"இப்பப் புரிஞ்சுது சார். என் பங்கை ஒரு தடவை பார்த்துடறேன். மாடிச் சாவியைக் குடுங்க."

வேதாசலம் சாவி இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். மாடி தனக்கே சொந்தம் என்று மற்ற ஃபிளாட்காரர்களிடம் சொல்லி, அதை நாற்காலிக் கடைக்காரர் ஒருவருக்குக் குடோனாக வாடகைக்கு விட்டிருந்தார்.

எதிர்வீட்டு மெஹருன்னிசா கேட்டாள்: "அப்ப எங்களுக்கும் மாடியில பங்கு உண்டா சார்?"

"நானூறு அடிக்கே விலை பேசிக்கலாம்மா" என்று அவசரமாகத் தனக்கோடியிடம் திரும்பினார் வேதாசலம்.

அவள் அந்த விலைக்கே வாங்கினாள். மாடிச் சாவியை மற்ற ஃபிளாட்காரர்கள் அன்று மாலையே அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள்.