குன்றிமணி எங்கே போனது?

ஒரு காட்டில், ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகச் சேரும் இடத்தில், ஒரு மேடு இருந்தது. கோடையில் அந்த இரண்டு கிளைகளில் ஒன்று வறண்டு வெறும் மணலாகக் கிடக்கும். மழை பிடித்துவிட்டாலோ மேட்டின் இரு பக்கமும் வெள்ளம்தான். சுற்றிலும் உள்ள புதர், வளை, பள்ளம் எல்லாம் மூழ்கும். மேடு மட்டும் மூழ்காது.

அதனால் அந்த மேட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. மழைக்காலத்தில் மேட்டில் தங்க விரும்புகிறவர்கள் சபையின் முன் நின்று, தங்களால் மேட்டுக்கு என்ன பயன் என்று காட்டவேண்டும்.

சபையில் மூன்று பேர். எருமை மந்தமானது. மயில் தன்னைத் தவிர வேறு எதையும் பார்க்காதது. ஆமை எதற்கெடுத்தாலும் பயப்படுவது. இவர்களை யார் சபையாக்கினார்கள் என்று கேட்காதீர்கள் குழந்தைகளே. அந்தக் காட்டிலும் யாரும் கேட்கவில்லை.

மேட்டின் நடுவில் ஒரு மருதமரம். அதன் பொந்தில் ஓர் அணில் இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். இன்னும் கண் திறக்காத குட்டிகள்.

மழை நெருங்கிய நேரத்தில் ஒரு நாள் அணில் சபையின் முன் வந்து நின்றது.

"மரங்கொத்தி புழு பிடிக்கும். தேனீ தேன் தரும். நீ என்ன செய்வாய்?" என்று ஆமை கேட்டது.

"வித்தை காட்டுவேன், சித்தப்பா" என்றது அணில். "மழை தொடங்கினால் நாற்பது நாள் எல்லோரும் இந்த மேட்டிலேயே அடைந்து கிடக்கவேண்டும். போன வருஷம் எத்தனை சண்டை! இந்த வருஷம் நான் எல்லோரையும் வியக்கவைப்பேன். சண்டை போடவே தோன்றாது."

"சரி, காட்டு" என்றது எருமை. "எங்களில் இரண்டு பேராவது வியந்தால் பொந்து உனக்கு. இல்லாவிட்டால் காலி செய்."

அணில் மூன்று விளாம்பழ ஓடுகளை வரிசையாகக் கவிழ்த்தது. ஒரு குன்றிமணியை எடுத்துக் காட்டியது. இரத்தச் சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த மணி. கோடை முழுவதும் தனியாக உட்கார்ந்து பழகிய வித்தை அது. கை நகம் தேய்ந்துபோகும் அளவுக்குப் பழகியிருந்தது.

"இதோ, நடு ஓட்டுக்குள் மணியை வைக்கிறேன். மூடுகிறேன். ஓடுகளை நகர்த்துகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று!"

ஓடுகளைத் தூக்கியது. மூன்றிலும் மணி இல்லை.



"மணியைக் காணோம்!" என்று அணிலே சொன்னது.

"எந்த மணி?" என்றது எருமை.

"இப்ப வச்சேனே அண்ணே, குன்றிமணி!"

"அப்படியா? நான் அசைபோட்டுக்கிட்டு இருந்தேன்மா."

மணி அங்கே இருந்தது என்றே தெரியாதவருக்கு, அது காணாமல் போனதில் என்ன வியப்பு? அணில் ஒரு பெருமூச்சு விட்டது.

"மறுபடி காட்டுகிறேன். இந்தத் தடவை மெதுவாக."

மறுபடி வைத்தது. மறுபடி நகர்த்தியது. ஓட்டைத் தூக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"சித்தப்பா, இப்பத்தான் பார்க்கணும்! வெளியே வாங்க!"

"முடிஞ்சுதா? அடிபடாதே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"மயில் மாமா, நீங்களாவது பார்த்தீங்களா?"

"பார்த்தேனே" என்றது மயில். "அந்தச் சிவப்பு என் கழுத்து நீலத்துக்கு எடுக்காது. பச்சை மணி ஏதாவது இருந்தால் சொல்லு."

அணிலுக்கு விட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் பொந்தில் குட்டிகள் இருந்தன. மூன்றாவது முறையாக ஓடுகளை வரிசை வைத்தது.

"அண்ணே, இந்த முறை நீங்களே மணியை வையுங்க. வச்சீங்களா? இருக்குன்னு ஒப்புக்கறீங்களா?"

"ஒப்புக்கறேன்."

"மூடிட்டேன். இப்ப ஓட்டு மேல உங்க குளம்பை லேசா வச்சு அழுத்திக்கோங்க."

எருமை குளம்பை வைத்தது. அணில் அதன் முதுகில் தாவி ஏறி, மயிலின் பக்கம் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

"எடுங்க!"

எருமை குளம்பை எடுத்தது. அணில் ஓட்டைப் புரட்டியது. மணி இல்லை.

எருமை கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தது. 

"எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்றது எருமை. "எங்க வச்சாலும் காணாமப் போகும். நேத்துக்கூட என் கன்னுக்குட்டியைக் காணோம்."

"ஐயோ அண்ணே! நீங்க தொலைக்கலை, நான் மறைய வச்சேன்! மயில் மாமா கொண்டையைப் பாருங்க!"

மயிலின் கொண்டைக்கு நடுவே குன்றிமணி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மயில் தண்ணீர்க் குட்டையில் எட்டிப் பார்த்தது.

"அடடா! எனக்கு மணி முளைச்சிருக்கு!"

அணில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. இதற்குமேல் என்ன செய்வது? வித்தைக்காரர் யாரும் செய்யக்கூடாத ஒன்றை, அலுப்பில், அது செய்தது. "இங்கே பாருங்க. மூடும்போதே மணியை எடுத்து இப்படி விரலிடுக்கில் வச்சுக்கிட்டேன். போகிற போக்கில் கொண்டையில் செருகினேன். இவ்வளவுதான். இதுக்குத்தான் வியக்கணும்."

இது மட்டும் மூவருக்கும் உடனே புரிந்தது.

"அப்படின்னா ஏமாத்து வேலை!" என்றது ஆமை, தலையை முழுதாக வெளியே நீட்டி.

"ஏமாத்துக்காரிக்கு மேட்டில் இடமில்லை. நாளை பொழுது சாய்வதற்குள் பொந்தைக் காலி செய்" என்றது எருமை.

அணில் ஓடுகளையும் மணியையும் பொறுக்கிக்கொண்டு மருதமரத்துக்குத் திரும்பியது. அங்கே தாழ்ந்த கிளையில் ஒரு மரநாய் படுத்திருந்தது. அது அக்கரைக்காரன். தந்திரத்தில் பெயர் போனது.

"மூணு தடவையும் பார்த்தேன்" என்றது மரநாய். "முதல் தடவை மணி உன் கன்னத்துக்குள் போச்சு. இரண்டாவது தடவை வாலுக்கு அடியில். சரிதானே? அபாரமான கை, தங்கச்சி!"

அணிலுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முழுவதும் அதன் வித்தையைப் பார்த்த ஒரே ஜீவன் இதுதான்.

"ஆனா ஒண்ணு" என்றது மரநாய். "பார்க்காதவங்களுக்கு எதுக்கு இவ்வளவு கை வேகம்? வாய் வேகமே போதும். என்கூடச் சேரு. நாளைக்கு அவங்க வாயால 'வியந்தேன்'னு சொல்ல வைக்கிறேன். பொந்து உனக்கு."

"எதை மறைய வைப்பாய்?"

"பாறை இடுக்கில் எல்லாரும் சேர்த்து வச்சது இருக்கே, மழைக்காலத் தீனி. அதை."

"திரும்ப வர வைப்பாயா?"

மரநாய் சிரித்தது. "எதுக்கு?"

"மறைத்த பொருள் திரும்பி வரவேண்டும். அதுவரைக்கும்தான் வித்தை. வராவிட்டால் அதற்கு வேறு பெயர்" என்றது அணில். "நான் வரவில்லை."

"உன் இஷ்டம். கண் திறக்காத குட்டிகளை எந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் வைக்கப்போறேன்னு யோசிச்சு வச்சுக்கோ."

மறுநாள் காலையில் மரநாய் சபைக்கு வந்தது. கையில் ஓடும் இல்லை, மணியும் இல்லை.

"பெரியோர்களே! என் வித்தையை நீங்கள் பார்க்கவே வேண்டாம்! கண்ணை இறுக மூடிக்கொண்டு ஐநூறு வரை எண்ணுங்கள். கண் திறந்தால் பாறை இடுக்கில் உள்ள அத்தனையும் மாயம்! பிறகு ஒரு நாள் தானாகத் திரும்பி வரும்!"

மூவருக்கும் பரம சந்தோஷம். எருமை எதையும் கவனிக்க வேண்டாம். ஆமை உள்ளேயே இருந்துகொள்ளலாம். மயிலோ, கண்ணை மூடினாலும் தன்னை நினைத்துக்கொண்டிருக்கலாம்.

"ஒண்ணு... இரண்டு... மூணு..." என்று எருமை தொடங்கியது.

பாறை இடுக்கில் கிழங்கும், இலந்தை வற்றலும், உலர்ந்த இலுப்பைப் பூவும் தேக்கிலைப் பொட்டலங்களாக அடுக்கப்பட்டிருந்தன. மரநாய் ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு போய், ஆற்றங்கரைப் பாறை மேல் குவித்தது. வறண்ட ஆற்றுக் கிளையைத் தாண்டினால் அக்கரையில் அதன் வளை.

அணில் மரத்திலிருந்து கத்தியது. "கண்ணைத் திறங்க! தூக்கிக்கிட்டுப் போறான்! நாற்பது நாள் தீனி போகுது!"

"நாற்பது... என்ன சொன்னே? நான் எண்பத்தாறில் இருந்தேனா, நாற்பதில் இருந்தேனா?" என்றது எருமை. "போச்சு. ஒண்ணு... இரண்டு..."

"எண்ணும்போது பேசாதே! பொறாமை பிடிச்சவளே!" என்றது மயில், கண்ணைத் திறக்காமலே.

"ஐயா, தயவுசெய்து ஒரே ஒரு தடவை..."

"ஒரு தடவையா? சரி, ஒண்ணு... இரண்டு..." என்றது எருமை.

தான் கத்தக் கத்தத் திருடனுக்குத்தான் நேரம் கிடைக்கிறது என்று அணிலுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டது. தீனி போனால் போகட்டும், குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தது. எங்கே போவது? மர உச்சிக்கு ஏறிச் சுற்றிலும் பார்த்தது. தூரத்து மலை மேல் மேகம் கறுத்திருந்தது. ஆற்றின் மேல் வளைவில், வறண்ட மணல் மீது, செந்நிறமாக ஒரு கோடு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. மலையில் மழை பெய்துவிட்டது.

அணில் மூன்று ஓடுகளையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கரைப் பாறைக்குப் போனது. மரநாய் கடைசிப் பொட்டலத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தது.

"சேர வந்தியா, தங்கச்சி?"

"இல்லை. கிளம்பப்போகிறேன். போவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை, பார்க்கத் தெரிந்த ஒருவருக்குக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

"நேரமில்லை."

"அவங்க இன்னும் முப்பதில்தான் இருக்காங்க" என்றது அணில்.

உண்மைதான். மேட்டிலிருந்து "இருபத்தொம்பது... முப்பது..." என்று கேட்டது. மரநாய் உட்கார்ந்தது.

அணில் ஓடுகளை நகர்த்தியது. "மணி எங்கே?"

"இடது ஓடு."

இடது ஓட்டில் மணி இருந்தது. மரநாயின் மீசை துடித்தது. "என்னிடம் நடக்காது, தங்கச்சி."

"இப்போது?"

"நடு ஓடு. கண்ணை எடுக்கவே இல்லையே நான்."

நடு ஓட்டில் மணி இல்லை.

"இன்னொரு தடவை!" என்றது மரநாய்.

இன்னொரு தடவை. வலது என்றது, இல்லை. கன்னத்தைக் காட்டு என்றது, இல்லை. வாலைத் தூக்கு என்றது, அங்கேயும் இல்லை. எருமையிடம் ஒரு பயனும் இல்லாத கை வேகம் மரநாயின் கூர்மையான பார்வையை இங்கேயும் அங்கேயும் இழுத்துக்கொண்டே போனது. மரநாய் ஓடுகளின் மேலேயே குனிந்து, மூச்சுக்கூட விடாமல் பார்த்தது. பார்க்கத் தெரிந்தவன் என்ற கர்வம் அதை எழுந்திருக்க விடவில்லை.

"கடைசி முறை. எங்கே?"

"எங்கேடி வச்சிருக்கே? சொல்லித் தொலை!"

"உன் காதுக்குப் பின்னால்" என்றது அணில். "அதற்கும் பின்னால் திரும்பிப் பார்."

மரநாய் காதைத் தடவியது. மணி உருண்டு விழுந்தது. திரும்பிப் பார்த்தது. மணல் இருந்த இடத்தில் செம்மண் வெள்ளம் மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரம் போனால் அக்கரைக்குப் போகவே முடியாது. பொட்டலத்தைப் பார்த்தது, வெள்ளத்தைப் பார்த்தது. பிறகு வெறும் வாயோடு தண்ணீரில் குதித்து, முங்கி எழுந்து, எப்படியோ அக்கரையில் போய் விழுந்தது.

மேட்டில் எருமை ஒருவழியாக ஐநூறை முடித்தது. மூவரும் கண்ணைத் திறந்தார்கள். பாறை இடுக்கு வெறுமையாக இருந்தது.

"வியந்தேன்!" என்றது எருமை.

"வியந்தேன்!" என்றது ஆமை.

"வெள்ளம் வந்திருக்கு. முகம் நன்றாகத் தெரியுமே" என்று கரைக்குப் பறந்த மயில், அங்கிருந்து கூவியது. "வந்துடுச்சு! சொன்னபடியே எல்லாம் திரும்பி வந்துடுச்சு! என்ன மாதிரி வித்தைக்காரன்!"

பொட்டலங்களுக்குப் பக்கத்தில் அணில் ஓடுகளோடு உட்கார்ந்திருந்தது. எருமை மெதுவாக வந்து அதைப் பார்த்தது.

"நீயும் இருக்கியா? அந்த மரநாய்கிட்ட நாலு வித்தை கத்துக்கோம்மா. ஏமாத்து வேலை எல்லாம் எதுக்கு?"

அணில் ஓடுகளையும் மணியையும் பொறுக்கிக்கொண்டு மருதமரத்தில் ஏறியது.  

அன்று பொழுது சாய்ந்தது. பொந்தைக் காலி செய்யச் சொன்னதை எருமை மறந்துவிட்டது. மயில் அதைக் காதில் வாங்கவே இல்லை. மழை 'சோ'வென்று பிடித்துக்கொண்டதும் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. யாரும் வந்து கேட்கவில்லை. அணிலும் போய் நினைவுபடுத்தவில்லை.

நான்காம் நாள் காலை, மழைக்கு நடுவே, மூத்த குட்டி கண்ணைத் திறந்தது. அணில் அதன் முன்னால் குன்றிமணியைப் பிடித்துக் காட்டியது. சின்னக் கண்கள் சிவப்பு மணியோடு இடப்பக்கம் போயின. வலப்பக்கம் போயின. அணில் ஒரு கையால் மற்றொரு கையை மூடியது. பிறகு இரண்டையும் விரித்தது.

குட்டி வெறும் கைகளை உற்றுப் பார்த்தது. தாயின் முகத்தைப் பார்த்தது. மறுபடி கைகளைப் பார்த்தது.

"அம்மா, இப்ப இங்கேதானே இருந்துச்சு! எங்கே போச்சு?"

கோடை முழுவதும் அணில் கேட்கக் காத்திருந்த கேள்வி அது.

நீதி: கவனித்துப் பார்ப்பவரை ஏமாற்ற வித்தை வேண்டும், கவனிக்காதவரை ஏமாற்ற ஒன்றுமே வேண்டாம்.