பெருச்சாளி தர வேண்டிய கிழங்கு

முள்ளம்பன்றிக்கு முதலில் துரோகம் செய்தது நரி இல்லை. அடுத்த வளையில் குடியிருந்த பெருச்சாளிதான். நரி நரிதான், அதைக் குறை சொல்லி என்ன பயன்? பெருச்சாளியோ தினமும் வாசலில் நின்று, "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டில் வட்டக்குளம் என்று ஒரு குளம். அதை ஒட்டிப் பெரிய புல்வெளி. கோடை தொடங்கி மழை இறங்கும் வரை, ஒவ்வொரு பௌர்ணமி மாலையிலும் அங்கே மான்கள் பந்தயம் ஓடும். ஓடுபவை ஐந்து. கருமுதுகன், வெள்ளைக்கால், நெட்டையன், சிட்டு, ஒற்றைச்சுழி என்று அவற்றுக்குப் பெயர். குளத்தைச் சுற்றிவந்து மருதமரத்தை முதலில் தொட்ட மானுக்கு வெற்றி.

பார்க்க வரும் விலங்குகள் சும்மா பார்ப்பதில்லை. கிழங்கு, கடலை, நெல்லிக்காய் என்று கையில் இருப்பதை மரத்தடியில் பந்தயமாக வைக்கும். எந்த மானின் மேல் வைத்தோம் என்பதைக் குளத்து ஆமையின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். ஆமை யாரிடமும் சொல்லாது. வென்ற மானைச் சொன்னவர்கள் குவியலைப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. தோற்றவன் தான் தோற்றதை வாயால் சொல்லக்கூடாது! சொன்னால் தோல்வி நாக்கில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த பந்தயத்திலும் விடாது என்று எல்லாரும் நம்பினார்கள். ஆகவே வென்றவன் மட்டும் பேசுவான். தோற்றவன் புல்லைப் பார்த்தபடி வீட்டுக்குப் போவான்.

இதையெல்லாம் கவனித்த நரி ஒரு தொழில் தொடங்கியது.

"மானின் குளம்புத் தடத்தை முகர்ந்து, வாலாட்டத்தைப் பார்த்து, காற்றைக் கூட்டி, புழுக்கை காயும் நேரத்தைக் கழித்தால், ஜெயிக்கிற மான் யாருன்னு தெரிஞ்சிடும்! இது என் ஓட்டக் கணக்கு!" என்றது நரி.

கணக்குக்குக் கூலி உண்டு. வாங்கிய கிழங்கையும் கடலையையும் நரி காட்டுப்பன்றிகளிடம் கொடுத்து, பதிலுக்கு நண்டு வாங்கித் தின்றது.

ஒரு நாள் பெருச்சாளி முள்ளம்பன்றியிடம் வந்தது.

"அண்ணே, நரியார் கணக்கு தப்பவே தப்பாது! என்னை நம்புங்க. அடுத்த வளைக்காரன் உங்களுக்குக் கெட்டது சொல்வேனா?"

முள்ளம்பன்றிக்கு இரண்டு குழி வள்ளிக்கிழங்கு இருந்தது. மழை இறங்கினால் ஓடை பெருகிவிடும். அக்கரையிலிருக்கும் கிழங்குக் காட்டுக்குப் போக முடியாது. வயதான காலத்தில் அந்த இரண்டு குழிதான் அதற்கும் அதன் மனைவிக்கும் மழைக்காலச் சோறு.

பெருச்சாளியின் பேச்சைக் கேட்டு ஒரு குழியைத் திறந்து, கொழுத்த கிழங்கையெல்லாம் நரிக்குக் கூலியாகக் கொடுத்தது. நரி அதன் காதில், "நெட்டையன்!" என்றது. முள்ளம்பன்றி மிச்சக் கிழங்கை நெட்டையன் மேல் வைத்தது. நெட்டையன் கடைசியாக வந்தது. பாதி வழியில் நின்று புல் வேறு மேய்ந்தது!

முள்ளம்பன்றி எதையும் மறக்காத பிராணி. எந்தக் காலத்திலோ தன் காலை மிதித்த எருமையை இன்னும் பார்த்தால் முறைக்கும். அது நேராக நரியிடம் போனது.

"யோவ் நரி! என் கிழங்குக்கு என்ன பதில்?"

நரி பதறவில்லை. "பெரியவரே, நீங்க வாங்கினது சின்னக் கணக்கு. சின்னக் கணக்கு சில நேரம் சறுக்கும். பெரிய கணக்குன்னு ஒண்ணு இருக்கு. இன்னொரு குழியைக் கொடுங்க. மழைக்கு முந்தின கடைசிப் பந்தயம் வருது. போனதெல்லாம் வட்டியோட வந்துடும்!"

முள்ளம்பன்றி வளைக்குத் திரும்பி மனைவியிடம் சொன்னது. மனைவியின் முட்கள் எல்லாம் எழுந்து நின்றன.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி எங்க போச்சு? இருக்கிறது ஒரு குழி. அதையும் கொடுத்துட்டு மழையில எதைத் தின்கிறது? என் முள்ளையா?"

"போனதை விட்டுட முடியுமா? என் நெஞ்சு ஆறலையே!"

"அப்போ ஒண்ணு செய்யுங்க. அந்தக் கணக்கை வாங்கினவங்க ஊர் முழுக்க இருக்காங்க. அதுல ஒருத்தர் வாயில இருந்தாவது உண்மையான சொல்லு வாங்கிட்டு வாங்க. பிறகு குழியைத் திறக்கிறேன்."

சொல்லிவிட்டு அது கிழங்குக் குழியின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது.

முள்ளம்பன்றி உண்மையைத் தேடிப் புறப்பட்டது.

முதலில் மைனாவைப் பார்த்தது. மைனா எருமையின் முதுகில் உட்கார்ந்து, காட்டில் உள்ள எல்லாக் கணக்குகளையும் ஒப்பிட்டுப் பேசும். நடுநிலை மைனா என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை வைத்ததும் மைனாவேதான்.

"தவளையோட கணக்கு சுத்த மோசம்! ஆந்தையோட கணக்கு பரவாயில்லை, ஆனா பந்தய நேரத்துல தூங்கிடுது. நரியார் கணக்கு முதல் தரம், ஐயா! கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்!"

"நீ அதை வச்சு எத்தனை தடவை ஜெயிச்ச?"

"நான் பந்தயமே வைக்கிறதில்லை. அதனாலதான் நான் நடுநிலை!"

"அப்படியா? அப்போ காலையில நரி உனக்கு எதுக்கு ஈசல் கொண்டுவந்து கொடுத்துச்சு?"

மைனா இறகைக் கோதியது. "அது... அது அன்பளிப்பு!"

"நல்ல நடுநிலைதான்!" என்றது முள்ளம்பன்றி. எருமையையும் ஒரு முறை முறைத்துவிட்டு நடந்தது.

அடுத்து முயல். அது காய்ந்த மரப்பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

"நரியார் கணக்கு எப்படி இருக்கு, மாப்பிள்ளை?"

"அருமை மாமா! ஒரு தடவை பாதிக் குவியல் எனக்கே வந்துச்சு! தூக்கிட்டுப் போக முடியலைன்னா பாத்துக்கோங்க!"

"ஒரு தடவை, சரி. மத்த தடவை எல்லாம்?"

முயலின் காது இரண்டும் மடிந்தன. முன்னங்காலால் வாயைப் பொத்திக்கொண்டது. "ஐயோ, அதைப் பேசக்கூடாது மாமா! ஒட்டிக்கும்!"

"அருமையான கணக்கை வச்சுக்கிட்டு எதுக்குடா மரப்பட்டை தின்கிற?"

"உடம்புக்கு நல்லதாம்," என்று முயல் முணுமுணுத்தது.

குரங்கு கிளையில் தொங்கியபடி, "போன பந்தயத்துல நான் ஜெயிச்சேனே!" என்று குதித்தது. அதற்கு முந்தின பந்தயத்தைப் பற்றிக் கேட்டதும் பேன் பார்க்கத் தொடங்கிவிட்டது. கீரி, "ரொம்ப நல்ல கணக்கு," என்றது. சொல்லும்போது தரையைத்தான் பார்த்தது.

முள்ளம்பன்றி குளக்கரையில் உட்கார்ந்து யோசித்தது. கேட்ட எல்லா வாயும் புகழ்கிறது. பார்த்த எல்லா வயிறும் ஒட்டிக்கிடக்கிறது. தோற்றாயா என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். வேறு மாதிரி கேட்டால்?

அது முயலிடமே திரும்பிப் போனது.

"மாப்பிள்ளை, நீ ஜெயிச்சியா தோத்தியான்னு கேக்கலை. போன பந்தயத்துக்கு நரி உன் காதுல சொன்ன பேரு எது? அதைச் சொல்றதுக்கு ஒண்ணும் தடையில்லையே?"

முயல் காதைச் சொறிந்து யோசித்தது. "தடையில்லைதான். வெள்ளைக்கால்."

முள்ளம்பன்றியின் முட்கள் சலசலத்தன. தனக்குச் சொன்னது நெட்டையன் ஆயிற்றே! குரங்கிடம் ஓடியது.

"கருமுதுகன்னு சொன்னாரு! அதுதானே ஜெயிச்சுது!" என்றது குரங்கு.

கீரியிடம் கேட்டது. "சிட்டு," என்றது கீரி. மரத்திலிருந்த அணிலிடம் கேட்டது. "ஒற்றைச்சுழி!" என்றது அணில்.

முள்ளம்பன்றிக்கு விளங்கிவிட்டது. ஆளுக்கொரு மானைச் சொன்னால், எந்த மான் வந்தாலும் யாரோ ஒருவர் ஜெயிப்பார். ஜெயித்தவர் கூவுவார். மற்றவர்கள் வழக்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள். குளம்புமில்லை, வாலுமில்லை, புழுக்கையுமில்லை!

மனைவியிடம் வந்து சொன்னது. மனைவி குழியை விட்டு எழவில்லை.

"கண்டுபிடிச்சது சரி. நீங்க போய்ச் சொன்னா ஊர் கேக்குமா? தோத்த எரிச்சல்ல பேசுறாருன்னு நரியே சொல்லிடும்."

"நான் எங்க சொல்லப்போறேன்? அவங்க வாயாலேயே சொல்ல வைக்கிறேன் பாரு!"

கடைசிப் பந்தயத்தின் நாள் வந்தது. வானம் கறுத்திருந்தது. காடே வட்டக்குளத்தில் கூடியிருந்தது. நரி ஒவ்வொரு காதிலும் குனிந்து பெயரைச் சொல்லிவிட்டு, மேட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. பெருச்சாளி அதன் பக்கத்தில் நின்றது. ஆமையிடம் பந்தயம் சொல்ல எல்லாரும் வரிசைக்கு நகர்ந்தார்கள்.

முள்ளம்பன்றி மருதமரத்தடிக்கு வந்து முட்களைக் குலுக்கியது. சலசல என்ற சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

"அன்பர்களே! நரியார் நமக்காக எவ்வளவு பாடுபடுறார்! அவருக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? அவர் நம்ம காதுல சொன்ன மானோட பேரை எல்லாரும் ஒரே குரல்ல கூவுவோம்! மானுக்கும் உற்சாகமா இருக்கும்!"

"ஆமா! ஆமா!" என்றது கூட்டம். தன் காதில் விழுந்த பெயர்தான் எல்லார் காதிலும் விழுந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

நரி துள்ளி எழுந்தது. "வேண்டாம்! வேண்டாம்! கூவினா கணக்கு கெட்டுடும்!"

அதற்குள் முள்ளம்பன்றி காலைத் தரையில் தட்டிவிட்டது.

"வெள்ளைக்கால்!" "சிட்டு!" "கருமுதுகன்!" "நெட்டையன்!" "ஒற்றைச்சுழி!"

காடு அதிர்ந்தது.

ஐந்து மான்களும் ஒன்றாகத் தலையைத் தூக்கின. "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்டபடி ஐந்தும் வந்து நின்றன.

முயல் குரங்கைப் பார்த்தது. குரங்கு கீரியைப் பார்த்தது. கீரி அணிலைப் பார்த்தது.

"உனக்கு வேற பேரா சொன்னாரு?"

"உனக்குமா?"

"அப்போ போன தடவையும்..."

முள்ளம்பன்றி உரக்கச் சொன்னது: "நான் போன தடவை தோத்தேன்! ஒரு குழி கிழங்கு தோத்தேன்! சொல்லிட்டேன்! என் நாக்குல என்ன ஒட்டியிருக்கு, வந்து பாருங்க!"

அது நாக்கை நீட்டிக் காட்டியது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நாக்கில் ஒன்றுமில்லை.

"நானும் தோத்தேன்!" என்றது கீரி. "அந்த ஒரு தடவை போக, நான் கோடை முழுக்கத் தோத்தேன்!" என்று முயல் அழுதுவிட்டது. "ஒரு தடவைதான் ஜெயிச்சேன்!" என்றது குரங்கு. எவ்வளவோ காலமாக அடைத்துவைத்திருந்த தோல்வியெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. சொல்லச் சொல்ல எல்லாருக்கும் மனம் லேசானது. சிலருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கருமுதுகன் என்ற மான் வியப்புடன் கேட்டது: "யார் ஜெயிப்போம்னு எங்களுக்கே தெரியாதே! போற வழியில யார் காலுல முள்ளு குத்தும்னு நரிக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு முதல்லயே தெரியும்," என்றது ஆமை நிதானமாக. "ஆளுக்கொரு பேரைத்தானே என் காதுல சொன்னீங்க."

"பிறகு ஏன் சொல்லலை?"

"காதுல வாங்கினதை வாயில விடக்கூடாதுன்னுதானே என்னை இங்க உட்கார வச்சீங்க?"

கூட்டம் நரியின் பக்கம் திரும்பியது. நரி பின்னால் நகர்ந்தபடி கத்தியது: "எல்லாத்தையும் நானா தின்னேன்? ஆள் பிடிச்சுக் கொடுத்ததுக்குப் பங்கு வாங்கினது யாரு? முள்ளம்பன்றியோட கொழுத்த கிழங்கெல்லாம் பெருச்சாளி வளையில இருக்கு! போய்ப் பாருங்க!"

சொல்லிவிட்டு ஓடியது பாருங்கள், அன்றைக்கு எந்த மானும் அவ்வளவு வேகமாக ஓடவில்லை! மைனா எருமையின் முதுகைக் காலி செய்துவிட்டு வேறு காட்டுக்குப் பறந்தது.

நரியின் குகையில் மிஞ்சியிருந்ததை எல்லாரும் பகிர்ந்துகொண்டார்கள். முயலுக்குக் கடலை கிடைத்தது. முள்ளம்பன்றிக்குச் சில மெலிந்த கிழங்குகள் கிடைத்தன. பிறகு மான்கள் ஓடின. யாரும் எதையும் வைக்கவில்லை. அன்றுதான் எல்லாரும் மானின் காலைப் பார்த்தார்கள். அவை துள்ளும் அழகைப் பார்த்தார்கள். யார் ஜெயித்தது என்று பாதிப் பேருக்கு நினைவே இல்லை. மழை வந்துவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் முள்ளம்பன்றி பெருச்சாளியைப் பிடித்தது.

"டேய், என் கிழங்கு எங்கடா?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணே, தின்னுட்டேன். மழை விடட்டும், தோண்டித் தந்துடறேன்."

மழை விட்டது. "தை பிறக்கட்டும், அண்ணே," என்றது பெருச்சாளி. தை பிறந்தது. "பல்வலி, அண்ணே. மண்ணைத் தோண்ட முடியலை," என்றது.

முள்ளம்பன்றிக்கு அதனால் பட்டினி இல்லை. இரண்டாவது குழி அப்படியே இருந்தது. வெளியே மழை கொட்ட, உள்ளே மனைவியுடன் கிழங்கைக் கடித்துக்கொண்டு சுகமாகத்தான் இருந்தது. ஆனாலும் தினமும் பொழுது சாயும் நேரத்தில் பெருச்சாளியின் வாசலுக்குப் போய் ஒருமுறை முட்களைக் குலுக்கும்.

"கொழுத்த கிழங்கு! மறக்கலை!" என்று சொல்லிவிட்டு வரும். வந்து நிம்மதியாகத் தூங்கும்.

பெருச்சாளி இன்னும் தரவில்லை.

ஒரு சரக்கு நல்லதா கெட்டதா என்பதை, அதில் பங்கு வாங்குபவனிடமும் ஒருமுறை வென்றவனிடமும் கேட்காமல், அதை வாங்கித் தோற்றவனின் வாயைத் திறக்கவைத்துக் கேட்க வேண்டும்.