முப்பத்திரண்டு துண்டு மனு

ஓர் ஊரில் ஒரு மனு இருந்தது. ஒற்றைத் தாள்தான். மேலே 'ஐயா' என்று தொடங்கி, கீழே நாற்பத்திரண்டு பேரின் கையெழுத்தோடு முடியும். அதில் பாதி கைநாட்டு. இடது மூலையில் தாலுகா அலுவலகத்தின் ஊதா முத்திரை, முத்திரைக்குள் ஒரு தேதி.

அந்தத் தேதியில்தான் மனுவின் உயிர் இருந்தது. கீழக்காட்டுக் குடியிருப்பிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் பொதுப்பாதையை மறித்து அரிசி ஆலை முதலாளி சுவர் எழுப்பிவிட்டார். "கட்டும்போது ஒருத்தனும் வாயைத் திறக்கலையே" என்று இப்போது சாதித்தார். கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே ஊர் வாயைத் திறந்தது என்பதற்கு அந்த முத்திரை ஒன்றே சாட்சி. அலுவலகத்தில் கொடுத்த அசல் எங்கே போனதென்று அலுவலகத்துக்கே தெரியாது; மிஞ்சியது முத்திரை வாங்கி வைத்திருந்த இந்தப் பிரதிதான்.

சுவர் வந்த பிறகு ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் சுற்று. பிரசவ வலியில் துடித்த செல்லக்கனியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அந்தச் சுற்றை ஓடினார்கள். பிள்ளை வழியிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாசில்தார் விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மனுவைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு, லாரியில் லோடு ஏற்றும் மாசானத்துடையது. அவன் வீட்டுப் பெட்டியைக்கூட நம்பாதவன். மனுவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், விசாரணையை நினைத்துப் படபடப்புத் தாங்காமல் குடியிருப்பே கிளம்பி சினிமாவுக்குப் போனபோதும் அது அங்கேதான் இருந்தது.

தியேட்டர் வாசலில் பழிவாங்கும் படம் ஒன்றின் பெரிய ஃபிளெக்ஸ். அதில் ஓர் அரிவாள் ஆள் உயரத்துக்கு நின்றது. பையிலிருந்து எட்டிப் பார்த்த மனுவை அதற்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

"நீ யாரு?"

"மனு."

"எத்தனை நாளா அலையிற?"

"பதினாலு மாசமா."

அரிவாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு இரண்டரை மணி நேரம் போதும். அதுலயும் நாலு பாட்டு. உள்ள வந்து பாரு, எத்தனை முதலாளிங்களைச் சாய்க்கிறேன்னு. படம் விட்டுப் போறப்ப சனங்களுக்கு வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். உன்னால இதுவரைக்கும் யாருக்காவது மனசு ஆறியிருக்கா?"

மேசை மேசையாகக் காத்துக் கிடந்ததைத் தவிர மனு வேறெதையும் செய்ததில்லை. அரிவாள் சொல்வதுதான் சரியோ என்று அதற்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

அந்த ஊரில் கதாநாயகன் முகம் காட்டும்போது காகிதம் கிழித்து வீசாவிட்டால் படம் பார்த்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாசானம் இதற்கென்றே பழைய காலண்டர் தாள்களைக் கொண்டு வந்திருந்தான். புழுதிக்குள்ளிருந்து கதாநாயகன் வந்தான், கையில் அரிவாள் மின்னியது. தியேட்டர் அதிர்ந்தது. காலண்டர் தாள்கள் இரண்டு வீச்சில் தீர்ந்துபோயின. மாசானத்துக்கு ஆவேசம் மட்டும் தீரவில்லை. இருட்டில் பைக்குள் கைவிட்டான். அகப்பட்டதை மடித்துக் கிழித்தான். மறுபடி மடித்துக் கிழித்தான். ஐந்து தடவை.

"மாசானம், நான்தான். நல்லாப் பாரு" என்று மனு கதறியது. அத்தனை விசிலில் யார் காதில் விழும்? முப்பத்திரண்டு துண்டாகிப் பறந்தது.

நாற்பத்திரண்டு பேர் கை பட்ட காகிதம் என்பதாலோ என்னவோ, அதன் உயிர் போகவில்லை. ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. முத்திரைத் துண்டு மட்டும் எல்லாவற்றையும் தாண்டிப் போய்த் திரைக்குக் கீழே மேடையில் விழுந்தது.

"பாத்தியா? உன் ஆளே உன்னை எனக்குப் பூவாத் தூவிட்டான்" என்றது திரையிலிருந்த அரிவாள்.

மனுவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. நான் இல்லேன்னா பாதை போச்சு. நீ பெரிய பலசாலிதானே, என்னை எடுத்து மாசானம் கையில குடு."

அரிவாள் வீராப்பாகத்தான் குனிந்தது. அதன் வெளிச்சம் துண்டின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. துண்டு இம்மியும் அசையவில்லை. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, "இந்தத் துணிக்குள்ள இருக்கிறதை மட்டும்தான் என்னால வெட்ட முடியும்" என்று முணுமுணுத்தது.

இடைவேளையில் விளக்கு எரிந்தது. மாசானத்தின் அண்ணன் மனைவி முத்துப்பேச்சி மடியில் விழுந்திருந்த காகிதங்களைத் தட்டிவிடப் போனாள். அதில் ஒன்றைப் பார்த்ததும் கை நின்றது. அவள் ஆயுளில் போட்ட முதல் கையெழுத்து அது. பத்து நாள் பழகிப் போட்டது.

"ஏ தம்பி, இது எங்கையெழுத்துல்லா?"

மாசானம் பையைத் தொட்டுப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. "மதினி, நான் பாவி. இருட்டுல தெரியல மதினி."

"பொறவு அழலாம். இப்பக் குனி."

செய்தி வரிசை வரிசையாகப் பரவியது. விளக்கு அணைந்து படம் மறுபடி தொடங்கியபோது குடியிருப்பு மொத்தமும் நாற்காலிகளுக்கு அடியில் இருந்தது. செல்போன் வெளிச்சங்கள் தரையெல்லாம் ஊர்ந்தன. "இங்க ஒண்ணு கெடக்கு." "காலைத் தூக்கும்வே." "இது காலண்டரு, தூரப் போடு." "இருபத்தேழு."

மேலே படம் உச்சத்துக்கு வந்துவிட்டது. முப்பது பேரைச் சாய்த்துவிட்டு அரிவாள் படத்து முதலாளியின் கழுத்துக்கு நேராக ஓங்கி நின்றது. விசிலுக்காகக் காத்தது. எட்டிப் பார்த்தால், நிமிர்ந்த தலையே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

"ஏய், நான் வெட்டப் போறேன்" என்றது அரிவாள்.

"வெட்டிக்கோ" என்றது நாற்காலிக்கு அடியிலிருந்த ஒரு துண்டு. "கொஞ்சம் வெளிச்சத்தை மட்டும் இந்தப் பக்கம் காட்டு."

முப்பத்தொரு துண்டு சேர்ந்துவிட்டது. முத்திரையை மட்டும் காணோம். முத்துப்பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை மேல் ஏறினாள். "ஏம்மா, மறைக்காதீங்க" என்று பின்னாலிருந்து வேற்றூர்க்காரன் ஒருவன் கத்தினான். அவள் திரும்பவில்லை. அவளுடைய நிழல் திரை முழுக்க எழுந்தது. கதாநாயகனும் முதலாளியும் அரிவாளும் அந்த முதுகுக்குள் காணாமல் போனார்கள். அவள் குனிந்தாள், எடுத்தாள், கையை உயர்த்திக் காட்டினாள்.

அப்போது எழுந்த விசிலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நிழலுக்குப் பின்னாலிருந்த அரிவாள் அது தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டது, பாவம்.

சாயங்காலமே மைதா மாவைக் காய்ச்சி ஒட்டிவிட்டார்கள். மறுநாள் பத்து மணிக்குச் சுவர் ஓரத்தில் தாசில்தாரம்மா மனுவைக் கையில் வாங்கினார். முத்திரையைப் பார்த்தார். தேதியை இரண்டு முறை படித்தார்.

"கிழிஞ்ச காகிதம் மேடம், இதெல்லாம் செல்லாது" என்றார் முதலாளி.

தாசில்தாரம்மா ஒட்டுப்போட்ட தாளிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "நான்தாம்மா" என்று ஒருவர் முன்னால் வந்தார். "நானுந்தான்" என்று அடுத்தவர் வந்தார். முத்துப்பேச்சி தன் பெயருக்குக் கொஞ்சம் சத்தமாகவே பதில் சொன்னாள். தன்மேல் வெறும் மையாகக் கிடந்த பெயர்கள் காலும் கையும் முளைத்து எதிரே வந்து நிற்பதை மனு அன்றுதான் பார்த்தது. நாற்பத்திரண்டாவது ஆளும் வந்து நின்ற பிறகு தாசில்தாரம்மா முதலாளி பக்கம் திரும்பினார்.

"கிழிஞ்சது காகிதம்தான். இவங்க முழுசா நிக்கிறாங்களே."

வியாழக்கிழமை காலை ஜேசிபி வந்தது. சுவர் அரை மணி நேரத்தில் இறங்கியது. அரிவாளை யாரும் தூக்கவில்லை. முதலாளிகூடத் தன் ஆலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கல்லையும் மண்ணையும் குடியிருப்பு ஆட்களே ஒதுக்கினார்கள்.

அன்று மதியக் காட்சியில் அரிவாள் மறுபடியும் முப்பது பேரைச் சாய்த்தது. கீழக்காட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. அவர்கள் பாதையில் இருந்தார்கள். ரோடு வரைக்கும் போனார்கள், வீட்டுக்குத் திரும்பினார்கள், மறுபடியும் போனார்கள். முத்துப்பேச்சி நாலாவது தடவையாக வருவதைப் பார்த்த ரோட்டோரத்து டீக்கடைக்காரர் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"காலையிலேருந்து அப்படி எங்கதான் போற?"

"எங்கயும் போகல அண்ணாச்சி" என்றாள் அவள். "நடக்கேன்."