பேராயி பானையில் மழை

கேட்கிறவர்கள் கிட்ட வந்து உட்காருங்கள். கேட்டதும் நம்பிவிடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். இது உங்களுக்காகவே சொல்கிற கதை.

வெகு காலத்துக்கு முன்னால் கானல்மங்கலம் என்று ஒரு நாடு இருந்தது. அதை விடங்கராயன் என்ற ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. நன்றாகச் சாப்பிடுவான், நன்றாகத் தூங்குவான், இரண்டுக்கும் நடுவில் நேரம் கிடைத்தால் ஆட்சியும் செய்வான்.

அவனுக்குத் துணையாக மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். மந்திரி வாயைத் திறந்தால் பொய் வராது என்று சொல்வார்கள். சோதிடர் கணித்தது பலிக்காமல் போனதில்லை என்று சொல்வார்கள். சேனாபதி போர் என்றால் முதல் வரிசையில் நிற்பார் என்று சொல்வார்கள். யார் சொல்வார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நாட்டில் அப்படிக் கேட்கிற வழக்கமே கிடையாது.

ஒரு சமயம் அங்கே மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தது. ஏரி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. மாடுகள் எலும்பும் தோலுமாகத் திரிந்தன. ராஜாவின் இலையிலேயே மோர் நீர்த்துப்போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நீர்மோரை உறிஞ்சிக்கொண்டே ராஜா ஒரு நாள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். ஒரு பொட்டு மேகம் இல்லை. "யாரோ மழையைப் பிடித்துப் பானையில் போட்டு வாயைக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தான். கை கழுவினான். படுத்துத் தூங்கிவிட்டான்.

பக்கத்தில் நின்ற மந்திரி சிரிக்கவில்லை. ராஜா பேசுவதில் எது வேடிக்கை, எது நிஜம் என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த யாரும் அந்த நாட்டில் மந்திரியாகவில்லை.

அவர் நேராகச் சோதிடர் வீட்டுக்குப் போனார். மழை ஒரு பானைக்குள் இருக்கிறது, ராஜாவே கண்டுபிடித்துவிட்டார் என்றார். சோதிடர் கண்ணை மூடினார், விரலை மடக்கினார், உதட்டைப் பிதுக்கினார். பானை ஊருக்கு வடக்கே இருக்கிறது, வைத்திருப்பது புருஷன் இல்லாத ஒரு பொம்பளை என்றார். ராஜா சொன்ன பிறகு கிரகங்கள் மறுத்துப் பேசுமா என்ன?

சோதிடர் சேனாபதியிடம் சொன்னார். சேனாபதி ஆட்களோடு வடக்குத் தெருவுக்குக் கிளம்பினார்.

வடக்குத் தெருவில்தான் பேராயி இருந்தாள். வற்றலும் வடகமும் ஊறுகாயும் போட்டு விற்றுப் பிழைக்கிறவள். கைப்பக்குவம் அப்படி, நாக்கும் அப்படி. இரண்டிலும் காரம் தூக்கல். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. ஒரே மகள் நாச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாதம். காய்கறி விளையாமல் பேராயியின் தொழில் படுத்துப்போயிருந்தது. அந்தப் பங்குனியில் அனல் காற்றில் உதிர்ந்த மாம்பிஞ்சுகளை எல்லாம் மடி மடியாகப் பொறுக்கி, இடுப்பு உயரப் பானை ஒன்றில் உப்புப் போட்டு, வாயில் துணி கட்டி வைத்திருந்தாள். மகள் பேறுகாலச் செலவு, வரப்போகிற பிள்ளைக்குப் பால், தன் வயிறு எல்லாம் அந்த மாவடுவை நம்பித்தான்.

சேனாபதி பானையைப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். மாவடு ஊறும்போது பானைக்குள் குபுக் குபுக்கென்று சத்தம் வரும்; ஊறுகாய் போட்ட எல்லாருக்கும் அது தெரியும். சேனாபதி ஊறுகாய் தின்றிருக்கிறாரே தவிரப் போட்டதில்லை. இடி இடிக்கிறது என்று கத்திக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்த்தான் நின்றார்.

அவ்வளவுதான், ஊர் முழுக்கப் பற்றிக்கொண்டது. பானைக்குள் மின்னல் வெட்டியதைத் துணி வழியாகப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். பேராயி வாசலில் மட்டும் தரை சில்லென்று இருக்கிறது என்றார் இன்னொருத்தர். போன வாரம் அவளிடம் வாங்கிய சுண்டைக்காய் வற்றலைத் தின்றதிலிருந்து தன் வயிற்றுக்குள் இடி உருளுகிறது என்று மூன்றாவது ஆள் சத்தியம் செய்தார். மழை இல்லாவிட்டால் யாருக்கு லாபம், வெயிலில் வற்றல் காய வைக்கிற பேராயிக்குத்தானே என்று எல்லாரும் தலையாட்டினார்கள். காயே விளையாதபோது அவள் எதை எடுத்து வற்றல் போடுவாள் என்று ஒரு வாயும் கேட்கவில்லை.

பேராயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். பானையையும் வண்டியில் ஏற்றி, சிந்திவிடாமல், பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருவது போல மெதுவாகக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்கள்.

ராஜா விசாரித்தான். விசாரித்தான் என்றால், மூன்று பெரியவர்களும் சொல்வதைக் கேட்டான். மழை பானையில் இருக்கிறது என்றார் மந்திரி. இவள்தான் வைத்திருக்கிறாள் என்றார் சோதிடர். இடிச் சத்தம் கேட்டேன் என்றார் சேனாபதி. இவ்வளவு பெரிய மனிதர்கள் மூன்று பேர் ஒரே மாதிரி சொல்லும்போது வேறென்ன வேண்டும் என்று ராஜாவுக்குத் தோன்றிவிட்டது. தான் என்றோ மோர் குடித்தபோது சொன்னது அவனுக்கு ஞாபகமே இல்லை.

பேராயி வாதாடவில்லை. "அதுல இருக்கிறது மாவடு, மகாராஜா. திறந்து பாருங்க. ஈரக் கை மட்டும் படக் கூடாது, கெட்டுப்போயிரும்" என்றாள்.

சபையே நடுங்கிப்போனது. மூன்று வருஷத்து மழை உள்ளே அடைந்து கிடக்கிறது; துணியை அவிழ்த்தால் நாடே முழுகிவிடாதா என்றார் மந்திரி. அவள் திறக்கச் சொல்வதே ஊரை அழிக்கத்தான் என்றார் சோதிடர். திறக்காதீர்கள் என்று அவள் சொல்லியிருந்தால், குற்றமுள்ள நெஞ்சு பயப்படுகிறது என்று சொல்லியிருப்பார்கள். இந்த மாதிரி ஆட்களிடம் மாட்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான், கண்ணுகளா.

தீர்ப்பாயிற்று. பேராயியை எல்லைக்கு அப்பால் மணல்காட்டில் விட்டுவிட வேண்டும். பானையைக் கட்டவிழ்க்காமல் அங்கேயே குழி தோண்டிப் புதைக்க வேண்டும். தண்ணீர் இல்லாத அந்தக் காட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. பேராயிக்குத் தன் உயிரைப் பற்றிக்கூட நினைப்பு வரவில்லை. வீட்டில் மகள் வலி எடுத்துத் தனியாகத் துடிப்பாளே என்பதுதான் ஒரே நினைப்பு.

கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ராஜா கேட்டான்.

பேராயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தானும் ஊரில் மூன்று சேதி கேள்விப்பட்டதாகவும், போகும்போது அவற்றை மனசில் சுமந்துகொண்டு போக விருப்பமில்லை என்றும் சொன்னாள்.

முதல் சேதி, மழை தன் பானையில் இல்லையாம். மந்திரி வீட்டுக் களஞ்சியத்தில் மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடக்கிறதாம். மந்திரி துள்ளி எழுந்து, "யார் பார்த்தது?" என்றார்.

இரண்டாவது சேதி, சோதிடர் மாதம் ஒரு தரம் நிலாவைத் திருடிக்கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் ஒளித்துவைக்கிறாராம்; அமாவாசை வருவதே அதனால்தானாம். சோதிடருக்கு மூச்சு வாங்கியது. "இப்போதே வந்து என் வீட்டைத் திறந்து பாருங்கள்" என்றார்.

மூன்றாவது சேதி, போன போரில் சேனாபதி முதல் வரிசையில் நிற்கவில்லையாம். வைக்கோல் போருக்குள் இருந்தாராம். சேனாபதி எழுந்திருக்கவில்லை. "அதற்குச் சாட்சி இருக்கிறதா?" என்று கேட்டார். மற்ற இருவரையும்விட அவர் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்டார்.

பேராயி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யார் பார்த்தது, திறந்து பாருங்க, சாட்சி இருக்கா. இந்த மூணும் உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன், சாமி. உங்க தலைக்குன்னதும் ஒரு நொடியில வருதே. என் தலைக்கு ஏன் ஒருத்தருக்கும் வரல?" என்று கேட்டாள்.

ராஜாவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. முதல் முறையாக மந்திரியைப் பார்த்து, மழை பானையில் இருக்கிறதென்று உமக்கு யார் சொன்னது என்று கேட்டான். தாங்கள்தான், சாப்பிடும்போது சொன்னீர்கள் என்றார் மந்திரி. ராஜாவுக்கு அந்த மோர் ஞாபகம் வந்தது. ஐயோ, அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது என்றான்.

மந்திரி பணிவாகக் கும்பிட்டார். "விளையாட்டுக்குத்தான் சொன்னீர்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா, மகாராஜா? அன்றைக்கு வேறு யாரும் சிரிக்கவில்லையே" என்றார். புதிதாகக் கற்றுக்கொண்ட கேள்வி அல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை.

ராஜா விழித்தான். சிரித்தது அவன் ஒருவன்தான், அதற்குச் சாட்சியும் அவன் ஒருவன்தான். தன் வாயால் சொன்னது விளையாட்டுத்தான் என்று நிரூபிக்க வழியில்லாமல் ராஜாவான தானே நிற்பது அவனுக்கு உறைத்தது. இந்தப் பெண்பிள்ளை காலையிலிருந்து எப்படி நின்றாள் என்பதும் உறைத்தது. சட்டென்று எழுந்து பானையை நோக்கி நடந்தான்.

அப்போது பார்க்க வேண்டுமே. சபை முழுக்க விழுந்தடித்து ஓடியது. மந்திரி அரசமரத்தில் ஏறினார். சோதிடர் மந்திரியின் காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். சேனாபதி கோட்டை உச்சிக்குப் போய்விட்டார், அங்கிருந்து எதிரிகளைக் கண்காணிக்கப் போகிறாராம்.

பேராயி மட்டும் நகரவில்லை. கையை நல்லாத் துடைச்சுக்கோங்க என்று ராஜாவுக்கே கட்டளை போட்டாள். ராஜா அங்கவஸ்திரத்தில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தான். மாவடு வாசனை குப்பென்று அடித்தது. ஒன்றை எடுத்துக் கடித்தான். மூன்று வருஷத்தில் கானல்மங்கலத்தில் முதன்முதலாக ஊறிய நீர் ராஜாவின் வாயில் ஊறியதுதான்.

உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று மரத்திலிருந்து மந்திரி கேட்டார். இருக்கிறது, மாங்காய் விட்ட உப்புத் தண்ணீர் என்றான் ராஜா. மந்திரி ஒரு கணம் யோசித்தார். "அப்படியானால் கடலையும் திருடியிருக்கிறாள்" என்றார்.

ராஜா பேராயியிடம் திரும்பி, எல்லார் முன்னாலும் கைகூப்பி, தப்பு என்னுடையது தாயே என்றான். கும்பிடெல்லாம் அப்புறம் ஆகட்டும், மகள் தனியா இருக்கா, முதல்ல வண்டியைக் கட்டச் சொல்லுங்க என்றாள் அவள். பானையை வண்டியில் ஏற்ற ராஜாவே கை கொடுத்தான். அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது நாச்சிக்கு வலி எடுத்திருந்தது; அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் குழந்தையைப் பெற்றாள்.

கதை முடிந்துவிட்டது என்று எழுந்திருக்காதீர்கள். பொய்க்கு அவ்வளவு சீக்கிரம் உயிர் போகாது.

பங்குனி போய், சித்திரை போய், ஆவணி பிறந்தது. ஒரு நாள் வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. பேய் மழை. ஊர் கூத்தாடியது. மந்திரி ஒரு கையில் ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடி வந்தார். பானையைத் திறந்ததால்தான் மழை வந்தது, நான் அப்போதே சொன்னேன், அந்தப் பேராயி மறுபடியும் வாயைக் கட்டுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்றார். அவர் பின்னால் ஊர்க்கூட்டமும் வந்து நின்றது. மறுபடியும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

ராஜா கோபப்படவில்லை. "பானையைத் திறந்தால் மழை வரும் என்கிறீர். அப்படியானால் மூடினால் நிற்க வேண்டும். மூடிக் காட்டும்" என்றான்.

சமையல்கட்டிலிருந்து ஒரு பானையும், கட்டத் துணியும் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். மந்திரி பானையின் வாயைக் கட்டினார். மழை பெய்தது. இன்னும் இறுக்கிக் கட்டினார். மழை பெய்தது. இது வேறு பானை, இதற்குக் கட்டுப்படாது, பேராயி பானைதான் வேண்டும் என்றார். ஆள் போயிற்று. பேராயி முணுமுணுத்துக்கொண்டே, மாவடு விற்றுத் தீர்ந்து கழுவிக் கவிழ்த்திருந்த அந்தப் பெரிய பானையை அனுப்பிவைத்தாள். மந்திரி அதையும் கட்டினார், முடிச்சுமேல் முடிச்சுப் போட்டார், வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தும் பார்த்தார்.

மழை அவர் தலையிலேயே பெய்தது. ஊரெல்லாம் நனைந்துகொண்டு அதைப் பார்த்தது. முதலில் யாரோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது. பானையிலிருந்து இறங்கிய மந்திரி யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். பேராயி பேரை எடுத்துப் பழி சொல்ல அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒருத்தருக்கும் துணிவு வரவில்லை.

இதுதான் இந்தக் கதை சொல்கிற நீதி: நம்மேல் ஒரு பழி வந்தால் எந்தச் சான்றைக் கேட்போமோ, அதே சான்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிறர்மேல் ஒரு சொல் சொல்ல வேண்டும்.