விசிறியில் சொருகிய திரி

“அம்மா, இந்தக் கம்ப்யூட்டர் மறுபடியும் செத்துப்போச்சு” என்றார் கோதண்டபாணி.

நாச்சியாரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர்தான் அந்த ஆசிரமத்தின் குரு. அன்று கீரை ஆய வேறு ஆள் இல்லை.

“மறுபடியும்னா?”

“பத்து நாளா இதே பாடுதான். ஆசையை விடுறதைப் பத்தி நீங்க பேசினதை டைப் அடிச்சிட்டிருந்தேன். பாதியிலே பட்டுனு அணைஞ்சிடுச்சு. அடிச்சதெல்லாம் போச்சு.”

“விட்டுட வேண்டியதுதானே.”

கோதண்டபாணி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவர் ஓய்வு பெற்ற கையோடு வந்தவர். தாசில்தாராக இருந்தவர். அவருடைய ஆபீஸில் குண்டூசி விழுந்தால் கேட்குமாம். விழுந்ததைக் குனிந்து எடுக்க யாருக்கும் தைரியம் வராதாம்.

குருவுக்கு அவர் மகளின் வயதுதான். இருந்தாலும் “அம்மா” என்றுதான் கூப்பிடுவார். பணிவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மற்ற எல்லாவற்றிலும் சொல்லலாம்.

வந்த மாதமே, யாரும் கேட்காமல், நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். வாசல் மணியின் நாக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ‘மௌனம்’ என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். அதை மாட்ட ஆணி அடித்த சத்தம் மட்டும் அவருக்குச் சத்தமாகத் தோன்றவில்லை.

“என்னவெல்லாமோ செஞ்சு பார்த்துட்டேம்மா. வயரை மாத்தினேன். வைரஸ் இருக்கான்னு பார்த்தேன். எலுமிச்சம்பழம்கூடக் கட்டினேன்.”

“எதுக்கு?”

“திருஷ்டிக்கு.”

எத்தனையோ பேருடைய எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் நாச்சியாரம்மா. இதற்கு இன்னொரு கீரைக்கட்டை எடுத்துப் பிரித்தார்.

“தென்காசியிலே ரிப்பேர் கடைக்காரர்கிட்ட போன்லே கேட்டேன். உள்ளே சூடு எல்லை மீறினா, தன்னைக் காப்பாத்திக்கிறதுக்கு அது தானாவே அணைஞ்சிடுமாம். ஃபேன் ரொம்ப சத்தம் போடுதான்னு கேட்டார். துளிகூட இல்லைன்னேன். அப்ப ஃபேன் நல்லாத்தான் இருக்கு, மெஷினுக்கு வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்கன்னுட்டார்.”

“சரி.”

“வாங்கிடலாமா?”

“அடுத்த புகார் என்ன?”

அவருக்கு எப்போதும் அடுத்த புகார் ஒன்று இருக்கும் என்பது குருவுக்குத் தெரியும்.

“அந்தச் செல்லக்கனிதாம்மா.”

செல்லக்கனி ஆசிரமத்தின் சமையல்காரி. வேலை செய்கிறபோது அவள் வாய் ஓயாது. ஈர விறகைத் திட்டுவாள். வேகாத பருப்பைத் திட்டுவாள். குழாயில் வராத தண்ணீரை, அது வருகிறவரைக்கும் திட்டுவாள். யாராவது கேட்க வேண்டும் என்றுகூட அவளுக்கு இல்லை. திட்டிக்கொண்டே எல்லோருக்கும் நேரத்துக்குச் சோறு போட்டுவிடுவாள்.

“சமையல்கட்டுலே இனிமே வாயைத் திறக்கக் கூடாதுன்னு போன வாரம் கண்டிப்பா சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டா. ஒரு வார்த்தை பேசலை. எவ்வளவு நிம்மதியா இருந்தது தெரியுமா? நேத்து என்ன செஞ்சா? பாதிச் சமையல்லே அடுப்புலே தண்ணியை ஊத்தி அணைச்சிட்டு அப்படியே உக்காந்துட்டா! ஏன்னு கேட்டா பதில் இல்லை. எல்லாரும் அவலைத் தின்னுட்டுப் படுத்தோம்.”

“இப்ப எங்கே?”

“போகச் சொல்லிட்டேன். பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புலே போய் உக்காந்திருக்கா. மதிய பஸ்ஸுக்கு.”

“எங்கே போவா?”

“தம்பி வீட்டுக்குன்னு நினைக்கிறேன்.”

செல்லக்கனிக்குச் சொந்த வீடு இல்லை. தம்பி வீட்டில் இவளுக்கென்று பாய் விரிக்க இடமில்லை என்று தம்பி மனைவி சொல்லி வெகுகாலம் ஆயிற்று. இது ஆசிரமத்தில் எல்லோருக்கும் தெரியும். செல்லக்கனி பாத்திரம் தேய்க்கும்போது சத்தமாகச் சொன்னதுதான். கோதண்டபாணி அப்போது காதில் பஞ்சு வைத்திருந்தார்.

“புது கம்ப்யூட்டர், புது சமையல்காரி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. சாயங்காலத்துக்குள்ளே ஏற்பாடு பண்ணிடுறேன்.”

நாச்சியாரம்மா கீரைத்தட்டைக் கீழே வைத்தார்.

“முதல்லே கம்ப்யூட்டரைப் பார்ப்போம்.”

இருவரும் அந்த அறைக்குப் போனார்கள். சித்திரை மாதம். தரையே சுட்டது. மேஜைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டி ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. மேலே எலுமிச்சம்பழம் வற்றிப்போய்த் தொங்கியது.

“இதுக்குக் குளிருதா?”

“தூசி படக் கூடாதுன்னுதான். போன விழாவிலே உங்களுக்குப் போட்ட சால்வைம்மா.”

நாச்சியாரம்மா சால்வையை உருவினார். பெட்டியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“திறங்க.”

கோதண்டபாணி மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். திருகாணிகள் சுலபமாக வந்தன. அண்மையில்தான் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

உள்ளே, பிராசஸரின் தலைமேல் கையகலத்தில் ஒரு விசிறி. அதன் இறக்கைகளுக்கு நடுவே, ஆடாமல் அசையாமல் இறுகச் சொருகியிருந்தது ஒரு பஞ்சுத் திரி. விளக்குக்குப் போடுகிற தடித்த திரி. ஒரு முனை பழுப்பேறியிருந்தது.

“இது என்ன?”

“திரிம்மா.”

“அது தெரியுது. இங்கே எப்படி வந்தது?”

“நான்தான் வெச்சேன்.” கோதண்டபாணியின் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “தியான நேரத்திலே கர்ரு கர்ருனு ஓயாம கத்திட்டே இருந்துச்சு. ஒரே ஒரு திரிதான். அன்னையோட சத்தம் நின்னுடுச்சு.”

“அணைய ஆரம்பிச்சது என்னைக்கு?”

கோதண்டபாணி யோசித்தார்.

“அன்னையிலேருந்துதான். ஆனா அது வேற, இது வேற இல்லையாம்மா?”

நாச்சியாரம்மாவுக்குக் கோபம் வந்தது. ஞானிகளுக்குக் கோபம் வராது என்று எழுதுகிறவர்கள் யாரும் கோதண்டபாணியோடு ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை.

“கடைக்காரர்கிட்ட இந்தத் திரியைப் பத்திச் சொன்னீங்களா?”

“அவர் கேக்கலையே. சத்தம் போடுதான்னுதானே கேட்டார்.”

நாச்சியாரம்மா கண்ணை மூடி, மூச்சை இழுத்து, விட்டார். பிறகு அந்தத் திரியைப் பிடித்து இழுத்தார். விடாப்பிடியாக இருந்து, கடைசியில் வந்தது.

“இப்ப போடுங்க.”

வயரைச் சொருகிப் பொத்தானை அழுத்தினார் கோதண்டபாணி. விசிறி ஒரு தடவை இருமியது. தூசியைத் துப்பியது. பிறகு கர்ரென்று கத்த ஆரம்பித்தது. பழைய விசிறி. கத்துவதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

திரையில் வெளிச்சம் வந்தது.

இருவரும் காத்திருந்தார்கள். வழக்கமாக அணைகிற நேரம் வந்தது. அணையவில்லை. அந்த நேரம் தாண்டியும் போனது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து அனல் குபுகுபுவென்று வெளியே வந்து கோதண்டபாணியின் முழங்காலில் அடித்தது.

“அணையலை” என்றார் அவர்.

“ஆமா.”

“ஆனா சத்தம் தாங்க முடியலையே!”

“ஆமா.”

“இது எப்பம்மா நிக்கும்?”

“வேலை முடிஞ்சதும்.”

கோதண்டபாணி பெருமூச்சு விட்டார்.

நாச்சியாரம்மா அந்தத் திரியை அவருடைய உள்ளங்கையில் வைத்தார். அதன் பழுப்பேறிய முனை மேலே தெரிந்தது.

“வேற எங்கேயாவது திரி வெச்சிருக்கீங்களா?”

“இல்லைம்மா. நான் வெச்சது இந்த ஒண்ணே ஒண்ணு...”

அவர் பேச்சு அங்கேயே நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு. சோறு வடிக்கிற வேளை. அங்கே எந்தச் சத்தமும் இல்லை.

கோதண்டபாணி சுவரைப் பார்த்தார். கையிலிருந்த திரியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

பஸ் ஸ்டாப்பில் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள் செல்லக்கனி. உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். முகம் வெந்து சிவந்திருந்தது.

“செல்லக்கனியம்மா, வாங்க. போகலாம்.”

பதில் இல்லை.

“நான் செஞ்சது தப்புதான்.”

பதில் இல்லை. தொலைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தார்ரோடு அவருடைய உள்ளங்காலைப் பொசுக்கியது. அவர் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

“ஏதாவது பேசுங்களேன்!”

செல்லக்கனி தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். பிறகு அவரைச் சுட்டிக் காட்டினாள்.

“அந்த உத்தரவு ரத்து” என்றார் கோதண்டபாணி. தாசில்தாராக இருந்த காலம் முழுவதும் தான் போட்ட உத்தரவைத் தானே ரத்து செய்தவரில்லை அவர். “பேசுங்க. சத்தமாவே பேசுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.”

செல்லக்கனி அவரை மேலும் கீழும் பார்த்தாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

“ஏன்யா, நீரு மனுசந்தானா? பச்ச வெறகக் கொண்டாந்து போட்டுட்டு எரி எரின்னா அது எங்கன எரியும்? பொகையில கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு. அதச் சொல்லுததுக்கும் வாயத் தொறக்கப்பிடாதுன்னா நான் எங்க போயி முட்ட? அந்தப் பருப்பு இருக்கே பருப்பு, கல்லப் போட்டாக்கூட வெந்துருக்கும். அத வாங்கியாந்தது யாரு? நீருதான?”

“நான்தான்.”

“பேசாதேரும்! இன்னும் முடிக்கல!”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“ஆச்சி, ஏறுதியளா இல்லையா?”

“செத்த நில்லும்யா, பேசிக்கிட்டு இருக்கம்லா” என்றாள் செல்லக்கனி.

பிறகு குழாய்த் தண்ணீர் விஷயத்துக்கு வந்தாள். கோதண்டபாணி தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

பஸ் போய்விட்டது.